நாற்பத்தொரு கருவிக் கோளாறுகள்

முள்ளம்பன்றி பதினேழு முறை வந்து போயிருக்கிறது. மான் ஐம்பத்திரண்டு முறை. காட்டுப்பன்றி, குட்டிகளைச் சேர்க்காமல், முப்பது. என் அக்கா ஒருமுறைகூட வரவில்லை.

இதை நான் சொல்லவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்ட வந்திருக்கும் கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கை சொல்கிறது, இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில். ‘மூன்று மாதங்களில் பன்னிரண்டு கேமராக்களில் பதிவான மனித நடமாட்டம்: பூஜ்யம். எனவே இது பயன்பாட்டில் இல்லாத நிலம்.’ பிறந்ததிலிருந்து அந்தக் காட்டை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியே தங்காதவள் என் அக்கா. அவள் பூஜ்யமாம், முள்ளம்பன்றி பதினேழாம். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் அடுத்தவர் காகிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை. அரசு அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விவாகரத்து மனு, வேலையை விட்டுத் தூக்கிய கடிதம், காதல் கவிதை எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகும். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் தாள் சிக்கினால் கதை வேறு. மூடியைத் திறந்து, உருளையைத் திருகி, கிழியாமல் உருவி, எந்தப் பக்கம் என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்? சிக்கிய தாளைப் படிப்பது தொழில். சிக்காத தாளைப் படிப்பதுதான் வம்பு.

அன்றைக்கு, கம்பெனி ஆள் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையைக் கொண்டுவந்து, நாற்பது பிரதி வேண்டும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான். அட்டையில் ‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அலுவலகத்தில் ஒன்பது நாளில் விசாரணை. அதற்குள் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து ஆட்சேபணை சொல்லலாம். அறுநூறு பக்கத்தை எவன் படிப்பான் என்ற தைரியம்தான். மெஷின் படித்தது. சரியாக இருநூற்றுப் பதினான்கில் நின்று ‘கர்ர்’ என்றது.

உருவினேன், படித்தேன். யாரும் பார்ப்பதற்குள் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏனென்றால் அந்தப் பூஜ்யத்துக்குக் காரணம் நான்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் என்ற ஒன்று வருவதற்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் இருப்பவர்கள் நாங்கள். இப்போது முப்பத்துநாலு வீடு. குடிக்க ஒரே ஊற்று. கம்பெனி முதல் துளை போடக் குறித்திருக்கும் இடம் அந்த ஊற்றிலிருந்து இருநூறு அடி. காடு எங்களுடையது என்று பட்டா கேட்டு மனுப்போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. யார் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் உரிமை என்பது சட்டம். யாருமே பயன்படுத்தவில்லை என்று இந்த அறிக்கை ஏற்கப்பட்டால், துளையும் போடுவார்கள், மனுவையும் மூடிக் கட்டிவிடுவார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இன்னொரு விஷயம். எங்கள் ஆட்களிடம் ஒரு வேலை சொன்னால் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். அதுவும் மரியாதையாகக் கேட்டுவிட்டால் போதும், உயிரை விட்டுச் செய்வார்கள். அதுதான் எங்களைப் பிடித்த சனியன்.

போன வருஷம் தொப்பி என் கடைக்கு வந்தான். கம்பெனி சார்பில் காட்டில் கேமரா கட்டி விலங்குகளைக் கணக்கெடுக்கும் பையன். நிழலில்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டான், அதனால் தொப்பி. நல்ல பையன்தான். கேமராவுக்கு எண் அட்டை அடிக்க வந்தவன், பேச்சுவாக்கில் எங்கள் காடு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டான்.

“அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? எதுக்க எது நடந்தாலும் கேமரா படம் எடுத்துடும். சோதனைக்குக் கட்டிப் பாத்தோம், உங்க ஆளுங்க போறப்ப வர்றப்ப படத்துல எல்லாம் காலா விழுது. பேட்டரி ரெண்டே நாள்ல காலி. கொஞ்சம் சுத்திப் போகச் சொல்றீங்களா? மிருகத்தை மட்டும்தான் எண்றோம்.”

என்னை ஒருவர் அக்கா என்று கூப்பிட்டு உதவி கேட்டால் எனக்குத் தலை கால் புரியாது. உட்கார்ந்து நானே எழுதினேன்: ‘இங்கே விலங்குகளை எண்ணுகிறார்கள். மனிதர்கள் தயவுசெய்து சுற்றிப் போகவும்.’ ஓரத்தில் பூ பார்டர். பன்னிரண்டு பிரதி, பன்னிரண்டும் லேமினேஷன். மழையில் நனையாது, வெயிலில் வெளுக்காது. பஸ்ஸில் அக்காவுக்குக் கொடுத்தனுப்பி, ஃபோனில் வேறு கண்டிப்பாகச் சொன்னேன்: “படிச்சவங்க கேக்குறாங்க. நம்ம ஆளுங்க மானத்தை வாங்கிடாதீங்க.”

மானம் போகவில்லை. காடுதான் போகப்போகிறது.

சரி, அழுதாலும் நாற்பது பிரதி எடுத்தாக வேண்டும். எடுத்துக்கொண்டே வந்தேன். ஐந்நூற்று எழுபதாம் பக்கம் தாண்டியதும் பின்னிணைப்பு. அதில் வரிசையாகக் கறுப்புப் பக்கம். முழுத் தாளும் கறுப்பு. கீழே தேதி, பிறகு ஒரு வரி: ‘கருவிக் கோளாறு, படம் பதிவாகவில்லை.’ அடுத்த பக்கமும் அதே. எண்ணினேன், நாற்பத்தொன்று.

ஜெராக்ஸ் கடைக்காரியிடம் முழுக் கறுப்புப் பக்கத்தைக் கொடுப்பதும், சமையல்காரனிடம் எண்ணெய் டின்னைக் கவிழ்ப்பதும் ஒன்று. நாற்பத்தொரு கறுப்பு, நாற்பது பிரதி. என் டோனர் கதி என்ன ஆவது? “கோளாறான படத்தை எதுக்குடா அச்சடிச்சீங்க, அறிவுகெட்டவனுங்களா?” என்று காலிக் கடையில் கத்தினேன். பிறகு எல்லாக் கடைக்காரரும் செய்வதைச் செய்தேன். கறுப்பைக் குறைக்கும் பட்டனைக் கடைசிவரை குறைத்துவிட்டு ஓட்டினேன்.

வெளியே வந்த தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் நடுவில் எழுத்து.

மங்கலாக, புகை மாதிரி, அதுவும் இடம் வலமாகத் திரும்பிய எழுத்து. மற்றவர்களுக்கு அது கோடுதான். நான் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்துப் பிழைக்கிறவள். தலைகீழாகவும் படிப்பேன், திரும்பியதையும் படிப்பேன். படித்தேன்: ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். எல்லாம் அழகாகச் செய்து தரப்படும்.’

என் கடைத் துணிப்பை! துணியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து இப்படித்தான் திரும்பித் தெரியும். கடை ஆரம்பித்து இருபது வருஷம் ஆனதற்கு அடித்துக் கொடுத்தது. மிச்சம் நூறு பையையும் அக்கா ஊருக்கு எடுத்துப் போனாள். என் கடைப்பை காட்டுக்குள் கேமராவுக்கு முன்னால் என்ன செய்கிறது?

தேதியை வைத்து, விலங்குப் படங்களில் அதற்கு முந்தையதைத் தேடி எடுத்தேன். பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது, முள்ளம்பன்றி அதைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு கறுப்பு. அதற்கு அடுத்த படத்தில் அதே முள்ளம்பன்றி இருந்தது, பாதை இருந்தது, மரம் இல்லை. ஓரத்தில் விறகு அடுக்கியிருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்து வருகிறேன், என் தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வருகிறேன். வாயைத் திறந்ததும் வந்தது திட்டுத்தான்.

“ஏன்க்கா, மூணு மாசத்துல ஒரு தடவைகூடவா குறுக்க போகல? ஒரு கால்? ஒரு கை?”

“ஒரு தடவைகூட இல்லையே!” அக்காவுக்கு அத்தனை பெருமை. “நீதானடி மானத்தை வாங்காதீங்கன்னே? முப்பத்திநாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். சேத்துல இறங்கி ஒரு மணி நேரம் சுத்தித்தான் போனோம் எல்லாரும். உங்க அத்தான் ரெண்டு தடவை வழுக்கி விழுந்தாரு. இன்னும் இடுப்பு சரியாகல.”

அத்தான் சங்கடமாகச் சிரித்து இடுப்பைப் பிடித்துக் காட்டினார். அக்கா வீட்டுக்காரர் சாது. யாராவது திட்டினால் முதலில் தன்னைத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

விஷயத்தைச் சொன்னேன். ஆள் நடமாட்டம் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்கள், ஊற்றுக்கு இருநூறு அடியில் துளை, மனு அம்போ. அக்கா கையிலிருந்த துணி கீழே விழுந்தது. “எல்லாம் என்னாலதான்க்கா. பூ பார்டர் வேற போட்டேன்.”

அவள் குனிந்து துணியை எடுத்து மறுபடி உதறினாள். அது எனக்குத் திட்டை விட மோசமாக இருந்தது. அப்போது சாம்பல் தாளை எடுத்து நீட்டினேன். “சரி, இது என்ன? நம்ம பை எப்படி இங்க வந்துச்சு?”

அத்தான் முகம் வெளிறிவிட்டது. திருதிருவென்று அக்காவைப் பார்த்தார்.

“நான் அப்பவே சொன்னேன், வேணாம்னு,” என்றார்.

“என்ன சொன்னீங்க அத்தான்?”

“பாதையில மரம் விழுந்தா வெட்டணும்ல? ஓடையில இலை அடைச்சா எடுக்கணும்ல? கேமரா அங்கதான் நிக்குது. சுத்திப் போய் மரம் வெட்ட முடியுமா? அதான் பின்னாடியா வந்து, முன்னால நீட்டிட்டு இருக்கிற கிளையில பையை மாட்டிடுவேன். வேலை முடிஞ்சதும் கழட்டிடுவேன். அவங்க பேட்டரி வீணாகக் கூடாதுல்ல?” குரல் இறங்கியது. “கம்பெனிக்காரங்க கோச்சுக்குவாங்களாம்மா?”

நான் அவர் காலில் விழாத குறை.

விசாரணை அலுவலக மாடியிலிருந்த ஹாலில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, கீச்சென்று கத்தும் மைக், ஒன்று ஓடினால் ஒன்று ஓடாத மின்விசிறி. எங்கள் ஆட்கள் அறுபது பேர் வந்து, யாரும் சொல்லாமலே ஓரமாக நின்றுகொண்டார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. “உக்காருங்களேன், யாரும் எண்ணலை,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எதிர் வரிசையில் கம்பெனி வக்கீல், பளபளவென்று. கடைசி வரிசையில் தொப்பி, என் கண்ணைப் பார்க்காமல்.

விசாரணை அதிகாரி அம்மா ஐம்பது வயதுக்காரர், பேனாவால் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனேன். முதலில் லேமினேஷன் அட்டையைக் கொடுத்தேன். “மேடம், இதை எழுதுனது நான். ஆளுங்க வராததுக்குக் காரணம் இதுதான்.”

வக்கீல் எழுந்தார். “இது நேத்து அடிச்ச அட்டையா இருக்கலாம் மேடம். கடையே இவங்களோடதுதானே?”

நியாயமான கேள்வி. அதிகாரி கண்ணைச் சுற்றவிட்டு, “கேமரா வச்சது யாரு?” என்றார்.

கடைசி வரிசையில் தொப்பி எழுந்தான். வேலை போகும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினான். நடுவில் வழுக்கை.

“அட்டை அப்பவே இருந்துச்சு மேடம். நான்தான் கேட்டு வாங்கினேன். ஆளுங்க நிறைய நடந்தாங்க, அதனாலதான் கேட்டேன். நான் மிருகக் கணக்கு மட்டும்தான் குடுத்தேன். ஆளே இல்லைன்னு எழுதுனது தலைமை ஆபீஸ்ல.” கொஞ்சம் நிறுத்தி, “பார்டர் ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்று சேர்த்துக்கொண்டான்.

ஹாலில் சிரிப்பு. வக்கீல் சிரிக்கவில்லை. “அட்டை இருந்துச்சு, சரி. சுத்திப் போனாங்கன்னு என்ன ஆதாரம்? ஆளே இல்லாத காட்டுலகூட அட்டை தொங்கலாமே?”

அப்போது நாற்பத்தொரு சாம்பல் தாளையும் மேஜையில் வைத்தேன். எழுத்து திரும்பியிருந்ததால் அதிகாரிக்குப் படிக்க வரவில்லை. அதற்கும் தயாராக வந்திருந்தேன். ஒரு படத்தைக் கண்ணாடித் தாளில் எடுத்திருந்தேன். அதைத் திருப்பிப்போட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டு, மைக்கிலேயே, சத்தமாக வாசித்தார்: “ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். எல்லாம் அழகாகச் செய்து தரப்படும்.” இருபத்திரண்டு வருஷத்தில் என் கடைக்கு இப்படி ஒரு விளம்பரம் கிடைத்ததில்லை.

“காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்,” என்றார் வக்கீல்.

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “நாப்பத்தோரு தடவையா? காத்து வந்து பையை மாட்டி, மரத்தை அறுத்து, விறகை அடுக்கி வச்சிட்டு, பையையும் கழட்டிட்டுப் போச்சா? அப்படி ஒரு காத்து இருந்தா எங்க வீட்டுக்கும் அனுப்புங்கய்யா, பாத்திரம் கிடக்குது!”

ஹால் அதிர்ந்தது. அதிகாரி பேனாவைத் தட்டினார். சிரிப்பு அடங்கியதும் வக்கீல் மெதுவாக முன்னால் வந்தார். முகத்தில் ஒரு புன்னகை.

“அப்போ ஒத்துக்கறீங்க. கம்பெனியோட கருவியை இவங்க ஆளுங்க நாப்பத்தோரு தடவை வேணும்னே மறைச்சிருக்காங்க. மேடம், இது குத்தம். இதுக்குத் தனியா கேஸ் போடலாம். பையை மாட்டுனது யாரு?”

நான் அத்தானைத் தேடி, உட்காருங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் ஏற்கெனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நான்தாங்க. ஆனா நாப்பத்தொண்ணு இல்லீங்க,” என்றார் பணிவாக. “நாப்பத்திமூணு. ரெண்டு தடவை உங்க பேட்டரி தீந்திருந்துச்சு போல.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “வக்கீல் சார், நான் சரியாப் புரிஞ்சுக்கறேனான்னு சொல்லுங்க. இவரு நாப்பத்திமூணு தடவை அந்தக் காட்டுக்குள்ள, கேமரா பக்கத்துல இருந்திருக்காரு. அப்படித்தானே?”

“ஆமாம் மேடம்! அவரே ஒத்துக்கிட்டாரு!”

“மரம் வெட்டி, பாதையைச் சுத்தம் பண்ணி?”

“ஆமாம், அதைத்தான் நானும்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. பின்னால் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், எங்கள் ஆள்தான். கேட்காமலே உதவுகிற ஜாதி.

அதிகாரி தீர்ப்பு ஒன்றும் சொல்லிவிடவில்லை. காடு உங்களுடையது என்றும் சொல்லவில்லை. அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். கணக்கெடுப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்த முறை மனிதர்களையும் எண்ண வேண்டும், அதுவரை துளையும் கிடையாது, பட்டா மனுவை மூடவும் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போதும். பதினோரு வருஷத்தில் எங்கள் பக்கம் விழுந்த முதல் கையெழுத்து அது. நான் அழுதேன், அக்கா என்னைத் திட்டினாள், இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

தொப்பிக்குக் கம்பெனி வேலை போய்விட்டது. புதுக் கணக்கெடுப்புக்கு அலுவலகமே அவனை எடுத்துக்கொண்டது. மறுபடி கடைக்கு வந்து, அசடு வழிய, “அக்கா, புது அட்டை வேணும்,” என்றான். எழுதிக் கொடுத்தேன்: ‘இங்கே எண்ணுகிறார்கள். எல்லோரும் வழக்கம்போல் போகவும்.’ பூ பார்டர் அவனே கேட்டு வாங்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். “நீயும் வந்து ஒரு தடவை நட.”

“நான் எதுக்குக்கா? நான் அங்க இல்லையே. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என்னைப் போய் எண்ணினா தப்புக் கணக்கு ஆயிடும்.”

“தண்ணி எங்க குடிச்சு வளந்தே? வாடி பேசாம.”

போனேன். அத்தான் இடுப்பு சரியாகி, முன்னால் கம்பீரமாக நடந்தார். கேமரா இருக்கும் வளைவு வந்ததும் என் கால் தானாக ஓரம் ஒதுங்கியது. அக்கா பின்னாலிருந்து முதுகில் ஒன்று வைத்தாள். “சுத்திப் போகாத. நேரா நட. பல்லைக் காட்டாத.” நடந்தேன். க்ளிக் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நாலு மாதம் கழித்துப் புது அறிக்கை என் கடைக்கு வந்தது. எழுநூற்று முப்பது பக்கம், அதே நாற்பது பிரதி. முள்ளம்பன்றி பத்தொன்பது. அக்கா, கிட்டத்தட்ட முந்நூறு. இந்த முறை எந்தத் தாளும் சிக்கவில்லை. ஆனாலும் மெஷினை நிறுத்தினேன், ஐந்நூற்று எட்டாம் பக்கத்தில். கையில் கடைப்பையோடு, பயந்த முழியோடு, பருத்த ஒரு பெண் பாதையின் நட்டநடுவே நடந்து வருகிறாள். கீழே ஒரு வரி: ‘மனிதர், பெண், இந்த இடத்தைச் சேர்ந்தவர்.’

சிக்காத தாளை, ஒரு சாக்கும் இல்லாமல், அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன். நாலைந்து தடவை படித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் நாற்பத்தொரு பிரதி எடுத்தேன்.